மாசி மாதத்து மலைக்கு நோட்டீஸ் அடிக்கச் சொன்னவர்களுக்கு

மலையோட்டப் போட்டி நடத்தப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் அச்சகத்துக்கு வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஐந்நூறு போஸ்டர், நூற்றைம்பது பிப் நம்பர். நெஞ்சில் ஊக்கு வைத்துக் குத்திக்கொள்ளும் அந்த நம்பர் தாள் வியர்வையில் கிழியக்கூடாது என்று தனியாகச் சொல்லிவிட்டும் போனீர்கள். நல்ல கவனிப்பு. பாதிப் பேர் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ராத்திரி கடையடைக்கும் முன் ப்ரூஃப் பார்க்க உட்கார்ந்தேன். சிறுமலை அடிவாரத்திலிருந்து உச்சிப் பாறை வரை போய்த் திரும்ப 21 கிலோமீட்டர். காலை 6.30-க்குத் தொடக்கம், கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கெடு, ஐந்து மணி நேரம். தேதி, வரும் மார்ச் இரண்டாவது ஞாயிறு. கீழே சிவப்புக் கட்டத்துக்குள், 'முந்தின இரவு அடிவாரத்தில் கேம்ப்ஃபயர், பாட்டு, பார்பிக்யூ'. ப்ரூஃப் பார்க்கிறவன் எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் தொழில் மரியாதை. உங்கள் நோட்டீசில் ஒற்றுப்பிழைகூட இல்லை. தேதிதான் பிழை.

அன்றைக்கே போன் பண்ணினேன். "அண்ணே, மார்ச்லதான் மழைத் தொல்லை இருக்காது. ரூட்டு நல்லாக் காஞ்சு கிடக்கும், கிரிப் கிடைக்கும்" என்றார் எடுத்தவர். காய்ந்து கிடக்கும் என்பதுதானே என் பயமே. இன்னும் இரண்டு தடவை பேசினேன். ஸ்பான்சர்களிடம் சொல்லியாயிற்று, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சரி, உங்களிடம் மட்டும் பேசிப் பயனில்லை, ஓடப் பெயர் கொடுக்கப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். வாடிக்கையாளர் கொடுத்த வேலையை வெளியே சொல்லலாமா என்று கேட்டால், அது சுவரில் ஒட்டக் கொடுத்த நோட்டீஸ்தானே.

நான் ஓட்டத்துக்கு எதிரி இல்லை. பதினான்கு வருஷமாக ஓடுகிறவன். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தொப்பையோடு தொடங்கி, வண்டியூர்க் கண்மாய்க் கரை, அழகர்கோவில் சாலை என்று நீண்டு, கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் மூச்சு வாங்கப் பழகி, கடைசியில் காட்டு மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரோட்டில் ஓடுகிறவனுக்குப் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்கிற கணக்கு, அதுதான் சாமி. மலையில் அது செல்லாது. ரோட்டில் ஐந்தரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரைத் தள்ளுகிறவன் செங்குத்துச் சரிவில் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான், அதிலும் பாதி முழங்காலில் கையை ஊன்றி நடைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தில் பெரிய மலையோட்டக்காரர்கள் பலரும் செங்குத்து ஏற்றத்தில் நடக்கிறவர்கள்தான். இறக்கம்தான் கெட்டது. ஏறும்போது நெஞ்சு வலிக்கும், இறங்கும்போது தொடை கிழியும். சருகுக்கு அடியில் உருண்டைக் கல் கிடந்தால் கேழ்வரகு கொட்டின தரையில் ஓடுகிற மாதிரி இருக்கும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், உங்களில் பாதிப் பேர் என்னைவிட வேகமானவர்கள்.

அந்த உச்சிப் பாறை எனக்கும் பிடிக்கும். தெற்கே பார்த்தால் வாடிப்பட்டியும் நாலுவழிச் சாலையும் நூல் மாதிரி, அதற்கு அப்பால் சோழவந்தான் பச்சை, இன்னும் தள்ளி நாகமலை நீட்டிப் படுத்திருக்கும். வெயில் ஏறாத காலையென்றால் கிழக்கே சாத்தையாறு அணையில் தண்ணீர் மின்னும். அதைப் பார்க்கத்தான் 2016 பங்குனியில் நானும் ஒரு கூட்டாளியும் போனோம். அனுமதி வாங்கவில்லை. வாங்கணும் என்றே தோன்றவில்லை. மாடு போகிற பாதையில் மனுஷன் போகக்கூடாதா என்கிற நினைப்பு. வீட்டில் சொன்னது 'சும்மா ஓடிட்டு வர்றேன்'. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், இரண்டு கடலை மிட்டாய்.

ஒரு மணி ஒன்பது நிமிடத்தில் உச்சியில் இருந்தேன். அதுவரை என் சிறந்த நேரம். பாறையில் ஏறி நின்று போனை எடுத்து, ஓடுகிற தூரத்தையும் நேரத்தையும் பதிகிற ஸ்ட்ராவா செயலியை நிறுத்தப் போகும்போதுதான் கீழே, நாங்கள் வந்த பக்கம், வெள்ளையாக ஏதோ தவழ்ந்தது. மூடுபனி என்று நினைத்தேன். பங்குனியில் எட்டரை மணிக்கு ஏது மூடுபனி! பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். தலையில் துண்டு, கையில் அரிவாள், தோளில் வெள்ளை கேன். வனத்துறை கோடைக்கு வைக்கிற தீக்காவலர்.

"எங்கிட்டிருந்து வர்றீங்க?"

கையைக் காட்டினோம்.

"வந்த வழியே போகாதீங்க. அங்கிட்டுப் பத்திக்கிச்சு."

என் கூட்டாளி, முகட்டைப் பிடித்து மேற்கே ஓடிவிடலாம், நமக்குத்தான் வேகம் இருக்கிறதே என்றான். பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "தீக்கு முன்னாடி ஓடாதீங்க தம்பி. தீக்குப் பின்னாடி போகணும். ஒக்காருங்க."

மொட்டைப் பாறையின் நடுவில் உட்கார்ந்தோம். தூரத்தில் இருந்தவரை சத்தமே இல்லை. பக்கத்தில் வந்ததும் சோளம் பொரிகிற சத்தம். இடுப்பு உயரப் புல், மேல்பக்கம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அடியில் கறுத்துப்போய்ச் சாயும். புகைக்கு முன்னால் வெட்டுக்கிளிகள் தெறித்துப் பறக்க, அதைப் பிடிக்க இரட்டைவால் குருவிகள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து புகைக்குள் பாய்ந்து பாய்ந்து எழுந்தன. அவற்றுக்கு அது விருந்து. பெரியவர் பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்து வைத்துக்கொண்டு, பாறை ஓரத்தில் ஊர்ந்து வந்த தீயை அடித்துக்கொண்டே இருந்தார், ஈ ஓட்டுகிற மாதிரி. நாற்பது நிமிடம். எரிந்து முடிந்த பக்கத்தில் இறங்கச் சொன்னார். சாம்பலில் கால் வைத்தபோது ஷூவின் அடி இளகி ஒட்டியது. நான் ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஷூ. அவர் காலில் ரப்பர் செருப்பு.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பாறையில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடம் ஓட்டக் கணக்கிலேயே இல்லை. ஆட்டோ பாஸ். நகராத நேரத்தை அது கழித்துவிடுமாம். ஓடியது மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்கு முப்பத்தேழு பேர் கைதட்டியிருந்தார்கள்.

அப்புறம் இரண்டு வருஷத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ வந்தது. 2018 மார்ச் 11. காலண்டரை எடுத்துப் பாருங்கள், அதுவும் மார்ச்சின் இரண்டாவது ஞாயிறுதான். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த சென்னைக் குழுவும் திருப்பூர், ஈரோடு பக்கக் குழுவும் புல் சரிவில் மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் 23 பேர் செத்துப்போனார்கள். தீக்காயம் பட்டவர்களை நம் ராஜாஜி மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். மதுரையில் அச்சகம் வைத்திருப்பவன் எதை அடிக்கிறானோ இல்லையோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தே ஆக வேண்டும். அந்த வாரம் அஞ்சலிக் கூட்டம் வைத்த சில பையன்கள் வந்தார்கள். டிசைன் போடுகிற பெண் பழக்கத்தில் மூலையில் ஒரு மெழுகுவத்திப் படத்தை வைத்துவிட்டாள். வந்த பையன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அக்கா, அந்த நெருப்பை மட்டும் எடுத்துடுங்க."

உங்கள் நோட்டீசில் கேம்ப்ஃபயர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது. கோபப்படாதீர்கள், கேட்டே விடுகிறேன்: மாசி மாதத்தில், காய்ந்த மலையின் காலடியில், ராத்திரிக் காற்றில் விறகைக் கூட்டிக் கொளுத்தலாம் என்று யாருக்குத் தோன்றியது? மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். சொல்ல நன்றாக இருக்கிறது, மூங்கிலா வந்து மறுக்கப்போகிறது? நம் மலைகளில் கோடைத் தீயெல்லாம் அநேகமாக மனுஷன் வைத்ததுதான். பீடித்துண்டு, அணைக்காத அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காகக் கொளுத்துவது. இந்த வரிசையில் ஓட்டக்காரர்களும் சேர வேண்டுமா?

இதே மாதிரி ஒரு போட்டியிலேயே நடந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 2, மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டம். ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பள்ளத்தாக்கு ஒன்றில் புல்தீ சூழ்ந்தது. துரியா பிட் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 24, சுரங்கப் பொறியாளர். உடம்பில் 65 சதவீதம் வெந்துபோனது. பிழைத்து வந்து, பல வருஷம் கழித்து மறுபடி ஓடினார் என்பது அவருடைய தைரியம். அதைப் போட்டி நடத்தியவர்கள் கணக்கில் வரவு வைக்க முடியாது. அந்த மாநில நாடாளுமன்றக் குழு விசாரித்து, ஓடியவர்களின் பாதுகாப்புக்கு அமைப்பாளர்கள் எடுத்திருக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கவில்லை என்று சொன்னது. வழி காய்ந்து, கிரிப் நன்றாக இருந்திருக்கும், சந்தேகமில்லை.

நம்மில் பலருக்கு, தீ வந்தால் ஓடிவிடலாம் என்று உள்ளூர ஒரு எண்ணம் இருக்கிறது. என் கூட்டாளிக்கு இருந்ததே, அதே எண்ணம். சமதரையில் வேண்டுமானால் யோசிக்கலாம். சரிவில் சூடான காற்று மேலே ஏறுவதால், தீ மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சுவாலையும் சரிவைப் பார்த்துச் சாய்ந்துகொள்ளும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு என்று தீயணைப்புக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மேலே ஏற ஏற நம் வேகம் பாதியாகிறது, அதன் வேகம் இரட்டிப்பாகிறது. இந்தப் போட்டிக்குப் பிப் நம்பர் அடிக்க என்னால் முடியாது.

'காலையிலேயே முடிச்சிடுவோம்ணே, பனி ஈரம் இருக்கும்' என்றும் சொன்னீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சரிதான். ஆறு மணிக்குப் புல்லைத் தொட்டால் கை நனையும். அதே புல்லைப் பத்து மணிக்குத் தொட்டுப் பாருங்கள், அப்பளம். கட்-ஆஃப் ஐந்து மணி நேரம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் கடைசி ஆள் பதினொன்றரைக்கு இறங்குவார். வேகமானவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் மெடலோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். காற்று எழும்புகிற நேரத்தில், புல் முறுகுகிற நேரத்தில், சரிவில் இருக்கப்போகிறவர்கள் யார்? முதல் மலையோட்டத்துக்கு வந்திருக்கிற அக்காக்கள், சர்க்கரையைக் குறைக்க ஓடத் தொடங்கிய ஐம்பது வயதுக்காரர்கள், கால் பிசகி நொண்டி வருகிறவர்கள். போட்டியை வெல்லப்போகிறவனுக்கு இந்தத் தேதியால் ஒரு சங்கடமும் இல்லை. கடைசி முப்பது பேருக்குத்தான்.

அனுமதியைக் கேட்டபோது 'வந்துடும்ணே' என்றீர்கள். எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே 2018-இல் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம் என்று ஏற்பாடு செய்தது. நம் மாவட்டத்துக் குட்லாடம்பட்டி தாடகை மலைப் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அந்தப் பாதைகளையே தீக்காலம் என்று மூடினார்கள். வழிகாட்டியோடு மெதுவாக நடக்கிற பத்துப் பேருக்கே மூடுகிற காலத்தில், வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற நூற்றைம்பது பேருக்கு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? போடாவிட்டால், 'ரூட்டுதான் தெரியுமே' என்று போய்விடுவீர்களோ என்பதுதான் என் கவலை. நானே போனவன் என்பதால் சொல்கிறேன்.

எப்போது வைப்பது என்று கேட்பீர்கள். ஐப்பசி கார்த்திகை வேண்டாம். ஓடைகள் எப்போது பெருகும் என்று சொல்ல முடியாது. 2015 மே மாதம் சதுரகிரியில் கோடை மழைக்கே காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்களை அடித்துக்கொண்டு போனது, அடைமழைக் காலத்தைக் கேட்கவே வேண்டாம். பொங்கல் வாரம் பாலமேடும் அலங்காநல்லூரும் ஜல்லிக்கட்டில் இருக்கும், உங்கள் வண்டிகள் அடிவாரத்துக்கே போய்ச் சேராது. தை கடைசியில் புல் மஞ்சளடிக்கத் தொடங்கிவிடும். மிச்சம் மார்கழி. டிசம்பர் கடைசி ஞாயிறு. மண்ணில் ஈரம் இருக்கும், தண்ணீர் குறைவாகக் குடிப்பீர்கள், கரட்டு ஓடைகளில்கூட ஒரு கை அள்ளுகிற அளவுக்கு ஊற்று ஓடிக்கொண்டிருக்கும். பாறை வழுக்கும், அது உண்மை. வழுக்கி விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். அப்போதும் விடிந்த பிறகே விடுங்கள், இருட்டில் வேண்டாம். சிறுமலையில் காட்டு மாடு உண்டு. தலைவிளக்கு வெளிச்சத்தில் அதன் கண்ணைப் பார்ப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்று. வழிநெடுக நிற்க வாலண்டியர்களை மதுரைக் கல்லூரிகளிலிருந்து கொண்டுவரப் போவதாகச் சொன்னீர்கள். பிஸ்கட் கொடுக்க அவர்கள் போதும். திருப்பங்களில் அடிவாரத்து ஆட்களை நிறுத்துங்கள், கூலி கொடுத்து. ஆடு மேய்க்கிறவர்கள், எலுமிச்சை, வாழைத்தார் சுமக்கிற குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலையில் ஏறி இறங்குகிறவர்கள். எந்தச் சரிவில் பாறை இருக்கிறது, எந்தப் பக்கம் போன வருஷம் எரிந்தது என்பது அவர்களுக்குத் தெரியும், ஜிபிஎஸ் கோட்டில் இருக்காது. 2021 மே மாதம் சீனாவில் கான்சு மாகாணத்து மலையோட்டம் ஒன்றில் திடீரென்று குளிர்காற்றும் ஆலங்கட்டியும் அடித்து 21 பேர் இறந்தார்கள். அங்கே ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுபோய்த் தீ மூட்டிக் காப்பாற்றியது அந்த வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். எனக்கு வாய்த்தது ரப்பர் செருப்புப் பெரியவர். போன வருஷம் அவர் ஊர்ப் பக்கம் போனபோது விசாரித்தேன். இப்போது மலைக்குப் போவதில்லையாம், மூட்டுவலி. அவர் மகன் போகிறாராம். முதலில் அந்த மகனைப் போய்ப் பாருங்கள், தேதியையும் அவரிடமே கேளுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் உங்களுக்கு ஏறும்.

ஸ்பான்சர்களிடம் பேசக் கூச்சமாக இருந்தால் என்னைக் கைகாட்டுங்கள். 'அச்சகத்துக்காரன் அடித்துத் தரமாட்டேன் என்கிறான்' என்று சொல்லுங்கள். பொய்யில்லை. ஊரில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை, வேறு இடத்தில் கொடுத்து அரை மணியில் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் தெரியும். ஆனால் ப்ரூஃப் என் மேசையில் இருக்கிறது, இன்னும் ப்ளேட் போடவில்லை. தேதிக்கு மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கேம்ப்ஃபயர் கட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. அந்தக் காலி இடத்தில் 'ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு விசில் கட்டாயம்' என்று போட்டால் சரியாக அடங்குகிறது, அளந்து பார்த்துவிட்டேன். டிசம்பர் தேதியை எழுதி அனுப்புங்கள். பிப் நம்பருக்குக் கிழியாத தாள் சிவகாசியிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், பழைய விலைக்கே. ஒரு நம்பர் எனக்கும் எடுத்து வையுங்கள், கடைசி நம்பராக இருந்தால் நல்லது. எப்படியும் நான் அங்கேதான் வருவேன்.

அன்புடன்,
உங்கள் அச்சகத்து அண்ணன்